ஹைப்ரிட் வண்டியில் ஒரு பன்னிரண்டு வோல்ட் சமாச்சாரம்

ஹைப்ரிட் கார் வாங்கலாமா என்று யாராவது யோசனை கேட்டால், அடுத்த கேள்வி பேட்டரியைப் பற்றித்தான் வரும். "அது போச்சுன்னா லட்சக்கணக்குல ஆகுமாமே?" என்பார்கள். கேட்பவர் மனசில் இருப்பது பின் சீட்டுக்கு அடியிலோ அதற்குப் பின்னாலோ இருக்கும் பெரிய பேட்டரி. அதே வண்டிக்குள் இன்னொரு பேட்டரியும் இருக்கிறது. பழைய மாருதி 800-ல் இருந்த அதே ஜாதி; ஈயமும் ஆசிட்டும் சேர்ந்த பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. அதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் ஒரு நல்ல வண்டியை வீட்டு வாசலிலேயே நகரவிடாமல் நிறுத்தி வைப்பது பல சமயம் இந்தச் சின்ன பேட்டரிதான்.

இதைத் தமிழில் விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. எங்கள் பெரியப்பா வண்டிக்கு பேட்டரி மாற்றியதையும் சேர்த்து இப்போது எழுதிவிடுகிறேன்.

பெரியப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று உத்திரமேரூரிலேயே இருக்கிறார். வண்டி ஒரு ஸ்ட்ராங் ஹைப்ரிட் செடான், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஊருக்குள் சுற்ற அவருக்கு மொபெட் போதும். காஞ்சிபுரத்தில் டாக்டரைப் பார்க்க, செங்கல்பட்டில் ரயில் ஏற, முகூர்த்த நாளில் வந்தவாசி, மதுராந்தகம் பக்கம் கல்யாணத்துக்குப் போக என்றால்தான் கார் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் வேப்ப மரத்தடியில் கவர் போட்டு நிற்கும்.

அன்றைக்கு டாக்டரைப் பார்க்கக் கிளம்பியவர் ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சாவியை உருவி, கதவைத் திறந்து உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து பட்டனை அமுக்கினார். டேஷ்போர்டில் இருக்கிற விளக்கெல்லாம் மங்கலாக ஒரு தடவை எரிந்தது. உள்ளே எங்கோ டக்-டக்-டக் என்று சத்தம். பிறகு எல்லாம் அணைந்து போனது. வழக்கமாக வரும் 'ரெடி' என்ற பச்சை எழுத்து வரவே இல்லை.

"அப்பவே சொன்னேன், சாதா பெட்ரோல் வண்டி போதும்னு," என்றார் பெரியம்மா. தெருவில் போன ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பெரிய பேட்டரி போயிருக்கும் சார், அது ரெண்டு மூணு லட்சம் இழுத்து வுட்டுடும்," என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு போன் வந்தது.

நான் போய்ப் பார்த்தபோது அந்த மங்கல் விளக்கும் டக்-டக் சத்தமும்தான் விஷயத்தைச் சொல்லின. பெரிய பேட்டரியில் கோளாறு என்றால் பெரும்பாலும் வண்டி அதைத் திரையில் எழுத்தாகவே சொல்லும். சொல்லக்கூடத் தெம்பில்லாமல் விளக்கு மங்குகிறது, ரிலே என்ற மின் சுவிட்ச் துடிக்கிறது என்றால் சின்ன பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எதற்காக ஒரு வண்டிக்கு இரண்டு பேட்டரி?

சாதாரண காரில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியின் தலையாய வேலை செல்ஃப் எடுப்பது. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்க வேண்டும். வண்டி ஓட ஆரம்பித்ததும் ஆல்டர்னேட்டர் அதைத் திரும்ப நிரப்பும். ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் அந்த ஸ்டார்ட்டரும் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பேட்டரியின் பலத்தில் ஓடும் மோட்டார். 2013-ல் பிடதி ஆலையிலிருந்து வரத் தொடங்கிய டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட்டை எடுத்துக்கொண்டால், அதன் பெரிய பேட்டரி 244.8 வோல்ட். 2022-ல் வந்த ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட்களில் சுமார் 177 வோல்ட். இந்த அளவு மின்சாரத்தை எப்போதும் வண்டி முழுக்கத் திறந்து விட்டு வைக்க முடியாது. ஆகவே வண்டி அணைந்திருக்கும்போது பெரிய பேட்டரி தன் பெட்டிக்குள்ளேயே துண்டிக்கப்பட்டுக் கிடக்கும். துண்டித்து வைப்பது கனமான மெயின் ரிலேக்கள். நாம் பட்டனை அமுக்கியதும் கம்ப்யூட்டர்கள் விழித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதித்து, பிறகு அந்த ரிலேக்களை மூடுகின்றன. விழிப்பதற்கும், சோதிப்பதற்கும், ரிலேயை இழுத்து மூடுவதற்கும் வேண்டிய மின்சாரம் அந்தப் பன்னிரண்டு வோல்ட்டிலிருந்துதான் வர வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏரியை வைத்துச் சொன்னால் உடனே புரியும். ஏரி கடைவாசல் தட்டத் தண்ணீர் நிற்கிறது; மதகுக் கதவைத் தூக்க ஆளில்லை என்றால் கழனிக்கு ஒரு சொட்டு வராது. பெரியப்பா வண்டியில் நடந்தது அவ்வளவுதான். பெரிய பேட்டரி நிறையவே இருந்தது. அதைத் திறந்துவிட வேண்டிய சின்ன பேட்டரிக்குத்தான் ஜீவன் இல்லை.

'ரெடி' வந்துவிட்டால் கதை மாறிவிடும். டிசி டு டிசி கன்வெர்ட்டர் என்ற சாதனம் பெரிய பேட்டரியின் மின்சாரத்தைப் பதினான்கு வோல்ட் சுமாருக்குக் குறைத்து, விளக்கு, வைப்பர், பாட்டு எல்லாவற்றுக்கும் கொடுத்து, சின்ன பேட்டரியையும் நிரப்பும். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டே இல்லை.

இதில் ஒரு தொந்தரவு உண்டு. சாதாரண வண்டியில் பேட்டரி தளர்ந்தால் காலையில் செல்ஃப் இழுவையாக வரும். "அண்ணே, பேட்டரி போகப் போவுது" என்று மெக்கானிக் முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஹைப்ரிட்டில் அந்த முன்னறிவிப்பு கிடையாது. கம்ப்யூட்டரை எழுப்ப வேண்டியது கொஞ்சம் மின்சாரம்தான் என்பதால், பாதி செத்த பேட்டரியும் நேற்று வரைக்கும் சமாளித்துக்கொண்டே வரும். இன்றைக்குத் திடீரென்று கைவிட்டுவிடும். அதற்குள் சின்னச் சின்னக் குறிகள் தெரியலாம்: ரிமோட் இரண்டாவது அழுத்தலுக்குத்தான் கேட்கிறது, கடிகாரம் தானாக மாறியிருக்கிறது, டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறது. கவனித்தால் உண்டு.

சரி, பெரியப்பா வீட்டு வாசலுக்கு வருவோம்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். டிராக்டர், லோடு ஆட்டோ, ஜேசிபி, வீட்டு இன்வெர்ட்டர் என்று எந்த பேட்டரியைக் கொடுத்தாலும் பார்க்கிற கைகாரர். வந்து, பானட்டைத் திறந்து, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஓடும் தடிமனான கேபிளைப் பார்த்தவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"அண்ணா, இது ஹைப்ரிட் ஆச்சே. தொட்டா ஆளையே தூக்கிடும்னு சொல்றாங்க. கம்பெனிக்கே இட்டுக்கினு போயிடுங்கண்ணா, நமக்கு வேணாம்."

அவர் பயந்ததில் தப்பே இல்லை. ஆரஞ்சு கேபிள் என்றால் உயர் மின்னழுத்தம், கை வைக்காதே என்பது உலகம் பூராவும் ஒப்புக்கொண்ட அடையாளம். அதை அவர் மதித்தார். அவருக்கு யாரும் சொல்லாமல் விட்டது அடுத்த பாதி: சின்ன பேட்டரிக்குப் போகும் ஒயர் ஆரஞ்சு கிடையாது, அது அவர் தினமும் தொடுகிற சமாச்சாரம். இன்னும் ஒன்று, அவருக்கு உண்மையிலேயே தைரியம் கொடுத்த விஷயம் இது: பன்னிரண்டு வோல்ட்டைக் கழற்றிவிட்டால் மெயின் ரிலே மூடிக்கொள்ள வழியே இல்லை. பெரிய பேட்டரி தன் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும். விபத்தில் சிக்கிய ஹைப்ரிட் வண்டியை அணுகும்போது தீயணைப்புப் படையினர் பின்பற்றும் வழிமுறைகளில் பன்னிரண்டு வோல்ட்டைத் துண்டிப்பதும் ஒன்று, இதே காரணத்துக்காக. இதைச் சொன்னதும் தம்பி திரும்ப வண்டி பக்கத்தில் வந்தார்.

முதலில் வண்டிக்கு உயிர் கொடுக்க வேண்டும். இந்த வண்டியில் சின்ன பேட்டரி டிக்கிக்குள், ஓரத்து பேனலுக்குப் பின்னால் இருக்கிறது. டிக்கி திறப்பதோ மின்சாரத்தில். பேட்டரி செத்தால் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காவிட்டால் பேட்டரியைத் தொட முடியாது. இதற்காகவே இப்படிப்பட்ட பல வண்டிகளில் முன்னால் பானட்டுக்குள், ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்கு அடியில், சிவப்பு மூடி போட்ட ஒரு பாசிட்டிவ் முனை வைத்திருப்பார்கள். ஜம்பர் கேபிளை அங்கே மாட்டினாலே போதும்.

மின்சாரம் கொடுத்தது பக்கத்து வீட்டு மாமாவின் டிராக்டர். ஹைப்ரிட்டை எழுப்ப இன்னொரு கார் வேண்டும் என்பதில்லை. நல்ல நிலையில் இருக்கும் எந்தப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியும் உதவும். டிராக்டர் எஞ்சினை ஓட விடக்கூடத் தேவையில்லை. லாரியை மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். அதில் இரண்டு பேட்டரியை வரிசையாகக் கோர்த்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அதை இதில் கொடுத்தால் கம்ப்யூட்டர்கள் கருகிவிடும், செலவு உண்மையிலேயே லட்சத்தைத் தொடும். பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றி மாட்டினாலும் இதே கதிதான். சிவப்பு கேபிளை முதலில் நம் வண்டியின் பாசிட்டிவ் முனையில், பிறகு டிராக்டர் பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு கேபிளை டிராக்டர் பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனையை நம் வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பாகத்தில். இதே வரிசையில்தான் மாட்ட வேண்டும். தம்பிக்கு இதெல்லாம் கைவந்த கலை. நான் முனையை மட்டும்தான் காட்டினேன்.

பெரியப்பா பட்டனை அமுக்கினார். 'ரெடி' வந்தது. பெரியம்மா உள்ளே காபி போடப் போனார்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹைப்ரிட்டை வைத்து இன்னொரு வண்டிக்கு செல்ஃப் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பல கம்பெனிகள் கையேட்டிலேயே வேண்டாம் என்று எழுதியிருக்கின்றன. எதிர்வண்டியின் ஸ்டார்ட்டர் இழுக்கிற மின்சாரத்தைத் தாங்கும்படி இந்தச் சின்ன பேட்டரியும் கன்வெர்ட்டரும் செய்யப்படவில்லை. கல்யாண மண்டப வாசலில் யாராவது கேட்டால் தயங்காமல் முடியாது என்று சொல்லலாம்.

வண்டியை ரெடியிலேயே வைத்து, திறந்த வெளியில் ஒரு மணி நேரம் சார்ஜ் ஏற விட்டோம். திறந்த வெளி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரெடியில் இருக்கும் ஹைப்ரிட் சத்தமில்லாமல் நிற்கும். தேவைப்படும்போது எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கும். மூடிய ஷெட்டுக்குள் அப்படி விட்டால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து ஆளையே கொன்றுவிடும். வண்டி அணைந்திருக்கிறது என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போகிற வாய்ப்பு இந்த வகை வண்டியில் அதிகம். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மறுநாள் காலை டிக்கியைத் திறந்து மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 11.6 வோல்ட். ஓய்வில் இருக்கும் நல்ல ஈய பேட்டரி 12.6-க்குக் குறையக் கூடாது. 12.2 என்றால் பாதி சார்ஜ். 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் ஏற்றியும் ராத்திரிக்குள் இவ்வளவு இறங்கிவிட்டது என்றால் இனி அதைச் சார்ஜ் ஏற்றிப் பிரயோஜனமில்லை. காலியாகவே கிடக்கும் ஈயத் தகட்டின் மேல் ஈய சல்ஃபேட் படிகம் படிகமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் அது கரையாது. மாற்ற வேண்டியதுதான்.

இங்கேதான் அலைச்சல். பெரியப்பா வண்டிக்கு வேண்டிய அளவு எங்கள் ஊர்க் கடைகளில் இல்லை. காஞ்சிபுரத்தில் சொல்லி வைத்து வரவழைத்தோம். பேட்டரி வாங்கும்போது ஆம்பியரை மட்டும் சொல்லி வாங்குவது நம் வழக்கம். இதில் அது போதாது. ஜப்பானிய அளவு முறையில் பி20, பி24 என்று எழுதியிருப்பது பேட்டரியின் உருவத்தைக் குறிக்கும். அந்த இருபது என்பது சுமாராக இருபது சென்டிமீட்டர் நீளம். கடைசியில் வரும் எல் அல்லது ஆர், பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு. பக்கம் மாறினால் கேபிள் எட்டாது, இழுத்துப் பிடித்து மாட்டவும் கூடாது. முனைகளின் தடிமனும் இரண்டு விதம், ஒல்லி, தடி. பழைய பேட்டரியின் மேலே இருக்கும் ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கொண்டு போவதே சுலபமான வழி.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பேட்டரியின் வகை. டிக்கிக்குள்ளோ சீட்டுக்கு அடியிலோ, அதாவது நாம் மூச்சு விடுகிற அறைக்குள் இருக்கும் பேட்டரி என்றால் அது ஏஜிஎம் வகையாக இருக்கும். ஆசிட் திரவமாகத் தளும்பாமல், தகடுகளுக்கு நடுவே இருக்கும் கண்ணாடி நார் பஞ்சில் ஊறியிருக்கும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மூடி கிடையாது. சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் ஹைட்ரஜன் கசிந்தாலும் அது வண்டிக்கு வெளியே போக ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வைத்திருப்பார்கள். காற்றில் நாலு சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். "அளவு ஒண்ணுதானே, சாதா பேட்டரியே போடுங்க, பாதி விலைக்கு முடிஞ்சுடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பானட்டுக்குள் சாதா பேட்டரி வைத்தே வருகிற வண்டி என்றால் பிரச்சினை இல்லை. டிக்கிக்குள் ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம்தான் போக வேண்டும், குழாய் மாட்டத் துவாரம் உள்ள பேட்டரியாகவும் இருக்க வேண்டும்.

மாற்றுகிற வேலை ரொம்பச் சின்னது. வண்டியை அணைத்து, ஸ்மார்ட் சாவியை வீட்டுக்குள் தள்ளி வைத்தோம். சாவி பக்கத்தில் இருந்தால் வண்டி பாதி விழித்தே இருக்கும். ஒரு ஜன்னலை இறக்கி வைத்தோம். டிக்கி மூடிக்கொள்ளாமல் ஒரு ஆளை நிற்கவைத்தோம், ஏனென்றால் பேட்டரி கழன்ற நிலையில் டிக்கி சாத்திக்கொண்டால் திரும்பத் திறப்பது பெரும்பாடு. சில நிமிஷம் பொறுத்தோம். தம்பி கையில் இருந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். இது நான் சொல்லிச் செய்ததில்லை, அவர் தொழில் பழக்கம். பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரமோ காப்போ பட்டால் அது பழுத்துச் சிவந்து சதையைப் பொசுக்கிவிடும்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர். முதலில் நெகட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட்; நெகட்டிவ் கழன்றுவிட்டால் ஸ்பேனர் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. பிறகு பாசிட்டிவ், ஹைட்ரஜன் குழாய், கிளாம்ப். பழைய பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. தம்பி கேபிள் முனையைச் சுடுதண்ணீர் விட்டு, பிரஷ் போட்டு, செம்பு தெரியுமளவு சுத்தம் செய்து, துடைத்துக் காயவைத்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனார். பேட்டரியைத் தூக்கி இறக்கும்போது முதுகு வளையாமல் தூக்க வேண்டும். சின்னது என்றாலும் பத்து கிலோவுக்கு மேல் வரும், இடமும் இடுக்கு.

புதியதை வைக்கும்போது வரிசை தலைகீழ்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். ஹைட்ரஜன் குழாயைத் திரும்ப மாட்ட மறந்துவிடும் அபாயம் உண்டு, அதையும் செருகி இழுத்துப் பார்த்தார். பட்டனை அமுக்கியதும் ரெடி வந்தது. டெர்மினலில் மீட்டர் வைத்தால் 14.1. கன்வெர்ட்டர் நன்றாகவே வேலை செய்கிறது என்று அர்த்தம். புது பேட்டரி போட்ட பிறகும் ரெடியில் 12 சொச்சமே காட்டினால் கோளாறு கன்வெர்ட்டர் பக்கம். அது கம்பெனி சர்வீஸ் ஆட்கள் பார்க்க வேண்டிய வேலை, ஊரில் யாரும் கை வைக்கக் கூடாது. மற்றபடி கடிகாரத்தைச் சரிசெய்தோம், ஜன்னல் கண்ணாடியின் ஆட்டோ இறக்கத்தைத் திரும்பப் பழக்கினோம். ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றில் புது பேட்டரியை ஸ்கேனர் வைத்துப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். பெரியப்பா வண்டியில் அது இல்லை.

இவ்வளவுதான் வேலை. இதற்காக வண்டியை டோ பண்ணி நகரத்துக்கு இழுத்துக்கொண்டு போகச் சொல்லியிருப்பார்கள். இந்த ஊரில் இதைச் செய்ய ஆள் இருந்தார், கருவி இருந்தது. ஒரே ஒரு பக்கம் எழுத்து இல்லை. வண்டியோடு வந்த கையேடு தலையணை கனத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை டேஷ்போர்டு பெட்டியிலிருந்து எடுத்து எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் படிப்பார்?

உத்திரமேரூரில் உட்கார்ந்து இதை யோசிக்கும்போது வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபம் நினைவுக்கு வராமல் இருக்காது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச் சபைக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது, எப்படிக் குடவோலை எடுப்பது, யாருக்குத் தகுதி இல்லை என்பதையெல்லாம் கல்லில் வெட்டினார்கள். முப்பது குடும்புகள்; முப்பத்தைந்து வயதுக்குக் குறையாமல், எழுபதைத் தாண்டாமல் இருக்க வேண்டும்; கணக்கு காட்டாமல் போனவருக்கும் அவர் உறவுக்கும் இடமில்லை. ஏரியைப் பராமரிக்க ஏரி வாரியம் என்றே தனிக் குழு. எல்லாரும் சபைக்குத் தகுதி பெற்றவர்களாக இருக்கவில்லை, அது அந்தக் காலத்தின் குறை. ஆனாலும் விதியை ஊர் நடுவில், ஊர் பேசுகிற மொழியில், சுவரில் எழுதி வைத்தார்களே, அந்த ஏற்பாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு பொருளை ஆயிரக்கணக்கில் தமிழ்நாட்டில் விற்கிற கம்பெனி, அதைப் பாதுகாப்பாகக் கையாளும் முறையைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசை இல்லை.

அறிவுக்கு இங்கே பஞ்சமும் இல்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சி அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. கடல் தாண்டிப் பார்த்தால் இலங்கையில் பிரியஸ், அக்வா, வெசல், ஆக்சியோ ஹைப்ரிட் எல்லாம் சாதாரணக் காட்சி. 2020-ல் அங்கே வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, இருக்கிற வண்டியைப் பழுது பார்த்தே ஓட்டியாக வேண்டிய நிலை வந்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஹைப்ரிட் என்றதும் யாரும் இரண்டடி பின்னால் போவதில்லை. பழக்கம்தான் காரணம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் டாக்ஸியாக ஓடும் எர்டிகா, பழைய சியாஸ் பின்னால் எல்லாம் ஹைப்ரிட் என்ற அடையாளம் இருக்கும். அவை மைல்டு ஹைப்ரிட். 2015-ல் சியாஸ் டீசலில் வந்தபோது ஒரே ஈய பேட்டரிதான். 2018-க்குப் பிறகு வந்த 1.5 லிட்டர் பெட்ரோல் வண்டிகளில் கூடவே ஒரு சின்ன லித்தியம் பேட்டரியும் உண்டு. எல்லாமே பன்னிரண்டு வோல்ட் உலகம். ஆரஞ்சு கேபிள் கிடையாது. பேட்ஜைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கேபிள் நிறத்தைப் பாருங்கள்.

புது பேட்டரி நீண்ட நாள் உழைக்க பெரியப்பாவிடம் சொன்னது மூன்று காரியம். வண்டி சும்மா நின்றாலும் வாரம் ஒரு தடவை காஞ்சிபுரம் ரோட்டில் ஒரு நடை போய் வர வேண்டும். நிற்கும் வண்டியிலும் சாவியைத் தேடும் ரிசீவர், அலாரம் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். பேரன் காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டால் பிரேக்கை மிதித்து ரெடியில் போட்டுவிட்டுத்தான் கேட்க வேண்டும். வெறும் பட்டனை அமுக்கி வைத்தால் சின்ன பேட்டரி மட்டும் தீரும். வேப்ப மர நிழலை விட்டு வண்டியை வெளியே எடுத்து நிறுத்தக் கூடாது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் பேட்டரிக்குள் நடக்கும் அரிப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் வெயில் எப்படி என்று நான் சொல்லவே வேண்டாம்.

பழைய பேட்டரி என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. தெருவில் பழைய இரும்பு எடுப்பவர் கூடுதல் விலை சொன்னார். கொடுக்கவில்லை. புதுசு வாங்கிய கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டோம். பேட்டரி எடையில் பாதிக்கு மேல் ஈயம். கண்ட இடத்தில் உடைத்து, ஆசிட்டை மண்ணில் கொட்டி, திறந்த உலையில் ஈயத்தை உருக்குகிறவர்களிடம் அது போய்ச் சேர்ந்தால், அந்தப் புகையும் தூசியும் சுற்றியிருக்கும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். யூனிசெஃப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில், அதாவது 80 கோடிப் பேர் வரை, ஈயம் கவலைப்பட வேண்டிய அளவில் இருக்கிறது என்கிறது. இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேல். முறையில்லாத பேட்டரி மறுசுழற்சியை அது முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பவர் மேல் வைத்திருக்கின்றன. நாம் செய்ய வேண்டியது சரியான கடையில் கொடுப்பது. சில நூறு ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை.

இங்கே எழுதிய சங்கதிகளைத் தாளின் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து தம்பிக்குக் கொடுத்தேன். கடைச் சுவரில், வோல்ட் மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். படித்து முடித்ததும் அவர் கேட்ட கேள்வி:

"அப்போ அந்த ஃபுல் எலக்ட்ரிக் கார் வருதே, அதுலயும் இந்தச் சின்னது கீதாண்ணா?"

இருக்கிறது. நெக்ஸான் மின்கார் போன்றவற்றிலும் பெரிய பேட்டரியோடு ஒரு பன்னிரண்டு வோல்ட் பேட்டரி உண்டு. அதுவும் இதே போல ரிலேயை மூடத்தான், அது இறங்கினாலும் வண்டி இதே போலத்தான் நிற்கும். தாளில் அந்த வரியையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன்.